பேராசிரியர் எர்னஸ்ட் ஐஸிங்

திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில் திருவெறும்பூரைக் கடந்து கிழக்கே சென்றால் துவாக்குடி என்னும் ஊர் வரும். கொதிகலன் தொழிற்சாலையை அண்டி எழுந்த பட்டறைகளில் இரும்புத் தகட்டை வெட்டுவோரும் வளைப்போரும் பற்றவைப்போரும் ஓயாது உழைக்கும் ஊர் அது. 1964-ஆம் ஆண்டில் பிராந்தியப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி, 2003 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் என வழங்கிவரும் பெருங் கலாசாலையும் அவ்விடத்தே உள்ளது. நம் பௌதிக வகுப்பு மாணாக்கர் சிலரை உடன்கொண்டு நாம் ஒருமுறை ஆங்குச் சென்றிருந்தகாலை, ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தம் கணிப்பொறித் திரையில் ஒரு காட்சியைக் காட்டினார். சதுரங்கப் பலகை போன்ற ஒரு பரப்பு. அதில் பல்லாயிரம் சிறு கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. வெப்பத்தின் அளவு மிகுதியாக இருந்தவரை, எள்ளையும் அரிசியையும் கலந்து கொட்டியது போல நிறங்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஓர் எல்லையை அணுகியபோது சிறியனவும் பெரியனவுமான கரிய தீவுகளும் வெண் தீவுகளும் தோன்றித் தோன்றி மறைந்தன. அவ்வெல்லையினின்றும் சிறிது இறங்கிய அளவில் திரை ஏறக்குறைய ஒரே நிறமாயிற்று. இரும்பு காந்தமாவது இவ்வாறே என்றும், இந் நிரல் நாற்பது வரிகளுக்கு மேற்படாதென்றும், ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் மாற்றுவதா விடுவதா என்பதைத் திருவுளச் சீட்டுப் போடுவது போலத் தற்செயல் எண்களைக் கொண்டே கணிப்பொறி தீர்மானிக்கிறதென்றும் விளக்கினார். இதற்கு ஐஸிங் மாதிரி என்பது பெயர்.

நம் மாணாக்கருள் ஒருவர், அந்த ஐஸிங் என்பவர் யார், அவர் பின்னர் என்ன ஆனார் என்று வினவினார். காட்டியவரும் விடை அறியார். உடன் நின்ற நாமும் அறியோம். பல ஆண்டுகளாக வகுப்பில் கூறிவந்த ஒரு பெயரைப் பற்றி நாம் யாதும் அறியாதிருந்தது வெட்கத்திற்கு இடமாயிற்று. அவ்வினாவிற்குத் தேடிக் கண்ட விடையையே ஈண்டு எழுதலுற்றோம். ஜெர்மானியர் அப்பெயரை ஈஸிங் என்று உச்சரிப்பர். நம் வகுப்பறைகளில் வழங்கும் உருவத்தையே இங்குக் கைக்கொண்டோம்.

எர்னஸ்ட் ஐஸிங் 1900-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரில் ஒரு யூத வணிகர் இல்லத்தில் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாக இருந்தபொழுதே குடும்பத்தார் போக்கும் என்னும் நகரிற் குடியேறினர். பள்ளிப் படிப்பு 1918-இல் முடிந்தது. சிறிது காலம் படைப் பயிற்சியில் இருந்து, மறு ஆண்டு கோட்டிங்கன் சர்வகலாசாலையிற் சேர்ந்து கணிதமும் பௌதிகமும் கற்கத் தொடங்கினார். இறுதியில் ஹாம்பர்க் நகரை அடைந்து, வில்ஹெல்ம் லென்ஸ் என்னும் பேராசிரியரிடம் மாணாக்கரானார். வோல்ப்காங் பவுலி முதலிய மேதாவிகள் அக்காலத்தில் அச் சர்வகலாசாலையிலேயே பணிபுரிந்தனர்.

லென்ஸ் தம் மாணாக்கருக்குக் கொடுத்த வினாவை அறிந்தாலன்றி இச் சரித்திரம் விளங்காது. காந்தத்தைப் பழுக்கக் காய்ச்சினால் அதன் கவரும் ஆற்றல் போய்விடும். இரும்பைப் பொறுத்தவரை இது 770 பாகை அளவில் நிகழ்கிறது. 769-இல் உண்டு, 771-இல் இல்லை என்னும்படி ஓர் எல்லையில் நிகழும் இம்மாற்றத்தைப் பிரெஞ்சு அறிஞர் பியர் கியூரி 1895-இல் விரிவாக ஆராய்ந்தார். இரும்பினுள் இருக்கும் எண்ணிறந்த நுண் காந்தங்கள் ஒரே திசை நோக்கி நிற்பின் முழுப் பொருளும் காந்தமாகும். அவை தத்தம் போக்கில் திரும்பி நிற்பின் ஒன்றன் ஆற்றலை மற்றொன்று அழித்துவிடும். இதனை வைஸ் என்பவர் 1907-இல் கூறினார். ஆயின், நுண் காந்தம் ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றின் சராசரி விசைக்கும் உட்படுகிறது என்று அவர் கொண்டார். லென்ஸ் 1920-இல் அதனினும் எளிய ஒரு கருத்தை வெளியிட்டார். நுண் காந்தம் ஒன்று மேல் நோக்கும், அல்லது கீழ் நோக்கும். வேறு நிலை அதற்கில்லை. இக்கருத்தைக் கொண்டு, தனக்கு அடுத்துள்ள அயலாரை மாத்திரமே ஒவ்வொன்றும் பொருட்படுத்துவதாக வைத்துக்கொண்டால், அத்துணைச் சிறிய உறவிலிருந்து முழு இரும்பையும் ஆளும் ஒழுங்கு பிறக்குமா? 1922-இல் இவ்வினா இளைஞர் ஐஸிங்கின் கையிற் கொடுக்கப்பட்டது. ஆதலின் மாதிரியின் கருப்பொருள் லென்ஸுடையது. பெயர் மட்டும் மாணாக்கருக்கு வாய்த்தது. ஆசிரியரின் பங்கை மறவாதார் சிலர் இதனை லென்ஸ்–ஐஸிங் மாதிரி என்றே குறிப்பிடுவர். அதுவே நேர்மை என்பது நம் கருத்து.

ஐஸிங் முதலில் நுண் காந்தங்களை ஒரே வரிசையில், சங்கிலி போல நிறுத்திக் கணக்கிட்டார். விடை முழுமையாகக் கிடைத்தது; ஆனால் விரும்பிய விடையன்று. வெப்பத்தை எவ்வளவு தணித்தாலும், அறவே வெப்பமற்ற பூச்சிய நிலையை எட்டினாலன்றி, சங்கிலி காந்தமாவதில்லை. இதன் காரணத்தைத் திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி நாளில் ஒற்றை வரிசையாய் நிற்போரைக் கொண்டு விளக்கலாம். எல்லோரும் வடக்கு நோக்கி நிற்கின்றனர் என்க. தன் முன்னும் பின்னும் நிற்பாரோடு ஒத்த திசையில் நிற்பதே ஒவ்வொருவர்க்கும் எளிது. நடுவே ஒருவர் தெற்கே திரும்ப, அவருக்குப் பின்னுள்ளார் அனைவரும் அவரைப் பார்த்துத் தெற்கே திரும்பிவிட்டனர். வரிசையிற் பாதி மாறிவிட்டது. ஆயினும் ஒவ்வாமை நேர்ந்த இடமோ ஒன்றே. வரிசை நூறு பேர் கொண்டதாயினும் லட்சம் பேர் கொண்டதாயினும் அவ்வோரிடத்து ஒவ்வாமைக்கு ஆகும் செலவு ஒன்றுதான். அது நேரக்கூடிய இடங்களோ வரிசை நீள நீளப் பெருகுகின்றன. ஆகவே நீண்ட வரிசை எங்காவது முறிந்தே தீரும்; பல இடங்களில் முறியும். முடிவில் வடக்கு நோக்குவோரும் தெற்கு நோக்குவோரும் சரிபாதியாவர்.

இவ்வளவும் பிழையற்ற கணக்கு. அடுத்து அவர் வைத்த அடியே தவறிற்று. சங்கிலிக்குக் கண்ட முடிவே, நீளம் அகலம் உயரம் மூன்றும் உடைய உண்மையான இரும்புக்கும் பொருந்தும் என்று சில தோராயமான காரணங்களைக் கொண்டு அவர் முடிவு கட்டினார். 1924-இல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆராய்ச்சியின் சுருக்கம் மறு ஆண்டு ஜெர்மானியப் பௌதிகப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. லென்ஸின் எளிய கருத்தால் காந்தத்தை விளக்க இயலாது என்பதே படித்தோர் அதிலிருந்து கொண்ட பொருள். 1928-இல் ஹைஸன்பர்க் காந்தத்திற்குப் புதிய குவாண்டம் விளக்கம் ஒன்றை அளித்தபோது, ஐஸிங் கண்ட தோல்வியைத் தம் முயற்சிக்கு ஒரு நியாயமாகவே எடுத்துக் காட்டினார். இருபத்துநான்கு வயதினர் ஒருவர் முதல் ஆராய்ச்சியில் செய்த பிழை. ஆசிரியரும் அதைக் கண்டிலர், அருகிருந்த பேரறிஞரும் கண்டிலர். அதனை நாம் பெருங் குற்றமாகக் கருதவில்லை.

பட்டம் பெற்றபின் ஐஸிங் பெர்லின் நகரில் ஏ.இ.ஜி. என்னும் மின்சாரக் கம்பெனியின் காப்புரிமைப் பகுதியில் அமர்ந்தார். அவ்வேலை அவர் மனத்துக்கு இசையவில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலேயே அவர் உள்ளம் சென்றது. ஆகவே மீண்டும் மாணாக்கராகி, தத்துவமும் கல்விமுறையும் பயின்று, 1930-இல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்குரிய அரசாங்கப் பரீட்சையில் தேறினார். அவ்வாண்டு டிசம்பரில் யோஹன்னா ஏமர் என்னும் மங்கையை மணந்தார். அவரும் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற கல்விமாது, யூதர் அல்லர். இக்குறிப்பு பின்னர் உயிர் காக்கும் செய்தியாயிற்று.

அவர் காந்த ஆராய்ச்சியை விட்ட அதே ஆண்டுகளில் நம் நாட்டில் அத்துறை தழைக்கத் தொடங்கியதையும் இடையே குறிக்க வேண்டும். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன், 1928 முதல் டாக்காவில் இருந்துகொண்டு, சிறு படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எத்திசையில் எவ்வளவு முறுக்குண்கின்றன என்பதை அளந்தார். மிஷன் கலாசாலை மாணவர் ஒருவரின் கைத்திறம் உலகப் புகழ் பெற்றது அங்கேதான். கிருஷ்ணன் படிகத்தைத் தொங்கவிட்டுக் கண்ணால் அளந்தார். ஐஸிங் தாளின்மேல் ஒரு சங்கிலியை வரைந்து கணக்கிட்டார். இவ்விரண்டினின்றும் வேறான மூன்றாம் வழியொன்று பின்னர் எழுந்தது. அதுவே துவாக்குடியில் நாம் கண்டது.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் பிறந்த சட்டத்தால் யூதர்கள் அரசாங்க உத்தியோகங்களினின்றும் நீக்கப்பட்டனர். ஐஸிங்கும் ஆசிரியத் தொழிலை இழந்தார். சிலகாலம் வேலையின்றி அலைந்தபின், 1934-இல் போட்ஸ்டாம் நகருக்கு அருகே காபுத் என்னும் சிற்றூரில் யூதப் பிள்ளைகளுக்கென நடந்த உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்தது. பொதுப் பள்ளிகளில் அவமானமுற்று விலகிய பிள்ளைகள் அங்கு வந்து சேர்ந்தனர். கெர்ட்ரூட் பைர்டாக் என்னும் அம்மையார் 1931-இல் நிறுவிய பள்ளி அது. ஐன்ஸ்டைனின் கோடை இல்லமும் அவ்வூரிலேயே இருந்தது. அவர் நாடு துறந்தபின் அவ்வீட்டையும் அப்பள்ளியினர் பயன்படுத்தினர். ஐஸிங் 1937-இல் தலைமையாசிரியரானார்.

1938 நவம்பர் 9-ஆம் நாள் இரவு தொடங்கி ஜெர்மனியெங்கும் யூதர் ஆலயங்களும் கடைகளும் கொளுத்தப்பட்டன. 10-ஆம் நாள் கலகக் கூட்டம் காபுத் பள்ளியினுள்ளும் புகுந்தது. மேசை நாற்காலிகளை உடைத்தனர். பிள்ளைகளும் ஆசிரியர்களும் அவ்விடத்தை விட்டு ஓட நேர்ந்தது. அத்துடன் அப்பள்ளி முடிந்தது. அதனை நிறுவிய அம்மையார் நாட்டை விட்டு நீங்கவில்லை. 1943-இல் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் மாண்டார்.

1939 ஜனவரியில் இரகசியப் போலீசார் ஐஸிங்கை அழைத்துப் பல மணி நேரம் விசாரித்தனர். நாட்டை விட்டுப் போய்விடுவதாக வாக்களித்த பின்னரே அவரை விட்டனர். கணவனும் மனைவியும் சின்னஞ்சிறு லக்ஸம்பர்க் நாட்டிற்குச் சென்று, அமெரிக்கா செல்ல அனுமதிக்குக் காத்திருந்தனர். அவ்வாண்டிலேயே அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஆண்டுதோறும் இத்தனை பேர்தாம் வரலாம் என அமெரிக்கர் வகுத்திருந்த வரம்பினால் அவர்களது முறை வரவில்லை. 1940 மே மாதம் 10-ஆம் நாள் ஜெர்மானியப் படை லக்ஸம்பர்க்கினுள் நுழைந்தது. அன்று ஐஸிங்கிற்கு நாற்பதாவது பிறந்தநாள். அயல்நாட்டு அலுவலகங்கள் மூடப்பட்டன; வழி அடைபட்டது.

அந்நாட்டு யூதர்கள் பலர் கிழக்கே கொண்டு செல்லப்பட்டு மீளவில்லை. யூதரல்லாத மனைவியை உடையவர் என்ற ஒரே காரணத்தால் ஐஸிங் அப்பட்டியலினின்றும் தப்பினார். ஆயினும் 1943 முதல் அவரைக் கட்டாய வேலைக்கு இழுத்தனர். லொரேன் நாட்டில், மாஜினோ கோட்டையரணுக்கென இடப்பட்டிருந்த இருப்புப் பாதைகளைப் பெயர்த்தெடுப்பது அவ்வேலை. 1944 செப்டம்பரில் நேசப் படைகள் வரும்வரை அது நீடித்தது.

ஈண்டு வாசகர் சற்றே நின்று, அதே 1944-ஆம் ஆண்டில் வேறோர் இடத்தில் நிகழ்ந்ததை நோக்க வேண்டுகிறோம். ஐஸிங்கின் முடிவு பிழை என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. ரூடால்ப் பயர்ல்ஸ் என்பவர் (அவரும் ஜெர்மனியை விட்டு நீங்கிய யூதரே) 1936-இல் ஓர் எளிய நியாயத்தைக் கூறினார். மேலே கூறிய ஒற்றை வரிசையை விடுத்து, பெரிய முற்றம் ஒன்றில் நெருங்கி நிற்கும் கூட்டத்தை எண்ணுக. இங்கு ஒவ்வொருவர்க்கும் நாற்புறமும் அயலார் உளர். ஒரு குழுவினர் மாத்திரம் எதிர்த்திசை திரும்பினால், அக்குழுவைச் சுற்றிய எல்லை முழுவதும் ஒவ்வாமை. குழு பெருகப் பெருக எல்லையும் நீளும், செலவும் ஏறும். ஆகவே வெப்பம் தணிந்த நிலையில் இத்தகைய குழுக்கள் சிறுத்தே நிற்கும். பெருங்கூட்டத்தின் ஒழுங்கு குலையாது. சங்கிலி தோற்றவிடத்தில் பரப்பு வென்றது. 1941-இல் கிராமர்ஸ், வானியர் என்னும் இருவர் பரப்பு மாதிரியின் மாறுநிலை வெப்பம் எங்குள்ளது என்பதைச் சுட்டினர். 1944-இல் லார்ஸ் ஆன்ஸாகர் என்னும் நார்வே நாட்டு அறிஞர், அமெரிக்காவில் இருந்தபடி, பரப்பு மாதிரிக்கு முழுமையான விடையை வெளியிட்டார். அயலார் இருவரிடைப் பிணைப்பை ஓர் அலகாகக் கொண்டால் மாறுநிலை 2.269 என வருகிறது. அவ்வெண் உடைய எல்லையில்தான் துவாக்குடித் திரையில் தீவுகள் தோன்றின. எக்காலத்திலும் மனித அறிவு இயற்றிய அரிய கணக்குகளுள் ஒன்றாக அதனைப் பௌதிகர் போற்றுகின்றனர். அது அச்சேறிய ஆண்டில், தம் பெயர் பூண்ட அம்மாதிரி உயிரோடு இருப்பதையே அறியாத ஐஸிங், லொரேன் நாட்டில் தண்டவாளம் பெயர்த்துக்கொண்டிருந்தார். இரும்பைத் தாளில் ஆராய்ந்தவர் இரும்பைத் தோளிற் சுமந்தார்.

1947 ஏப்ரலில் ஐஸிங் குடும்பத்தார் சரக்குக் கப்பல் ஒன்றில் அமெரிக்கா சேர்ந்தனர். வடக்கு டகோட்டா மாநிலத்து மைனாட் என்னும் ஊரின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஓராண்டு கற்பித்தபின், 1948-இல் இல்லினாய் மாநிலம் பியோரியா நகரிலுள்ள பிராட்லி பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். மறு ஆண்டு, விஞ்ஞானப் பத்திரிகைகள் வாயிலாகத் தம் பழைய மாதிரி உலகப் பிரசித்தி பெற்றிருப்பதை அறிந்தார். கட்டுரை வெளியாகி இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அறிந்தபின்னும் அவர் ஆராய்ச்சிக்கு மீளவில்லை. அத்துறையில் வேறு கட்டுரை எழுதவுமில்லை. வகுப்பறையே அவருடைய உலகமாயிற்று. 1953-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

நாம் மேலே குறித்த மூன்றாம் வழி பிறந்ததும் அந்த 1953-ஆம் ஆண்டிலேதான். பரப்பு மாதிரிக்கு ஆன்ஸாகர் விடை கண்டார். உண்மை இரும்பைப் போன்ற முப்பரிமாண மாதிரிக்கோ அத்தகைய முழு விடையை இன்றுவரை எவரும் கண்டிலர். எண்ணிப் பார்த்துவிடலாமே எனின், அதுவும் ஆகாது. பக்கத்துக்கு இருபது கட்டமாக நானூறு கட்டமே கொண்ட சிறு பலகையை எடுத்துக்கொண்டாலும், அதில் அமையக்கூடிய கறுப்பு வெள்ளைக் கோலங்களின் எண்ணிக்கை 121 இலக்கம் உடையது. உலகத்துக் கணிப்பொறிகள் யாவும் கூடினாலும் அவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்த்து முடிக்க வொண்ணாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்டிர் அறிந்த முறை. அவ்வாறே சில கோலங்களை மட்டும் எடுத்துப் பதம் பார்க்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அகப்படுவன அனைத்தும் ஒழுங்கற்ற கோலங்களாகவே இருக்கும். குளிர்ந்த இரும்பில் அவை தோன்றுவதே அரிது. ஆதலின் எந்தக் கோலம் எவ்வளவு அடிக்கடி இயற்கையில் தோன்றுமோ அவ்வளவு அடிக்கடி நம் கையிலும் அது அகப்படுமாறு எடுத்தல் வேண்டும்.

இதற்கு உபாயம் கண்டோர் அமெரிக்காவின் லாஸ் ஆலமாஸ் நகரில் மேனியாக் என்னும் கணிப்பொறியைக் கையாண்ட ஐவர்: நிக்கலாஸ் மெட்ரோபாலிஸ், மார்ஷல் ரோஸன்புளூத், அவர் மனைவி அரியானா, எட்வர்ட் டெல்லர், அவர் மனைவி அகஸ்டா. கணிப்பொறிக்குரிய நிரலை எழுதியவர் அரியானா அம்மையார். முறையோ மெட்ரோபாலிஸ் ஒருவர் பெயரால் வழங்குகிறது. இவ்வரலாற்றில் பெயர்கள் ஒட்டிக்கொள்ளும் விதமே விசித்திரமானது! அவர்கள் அதனை முதலில் காந்தத்திற்கன்றி, ஒன்றோடொன்று மோதும் வட்டத் தகடுகளுக்கே பயன்படுத்தினர். சூதாட்டத்திற்குப் பேர்போன மான்டி கார்லோ நகரின் பெயரை இத்தகைய கணக்குகளுக்கு மெட்ரோபாலிஸும் உலாம் என்பவரும் 1949-லேயே அச்சில் வழங்கியிருந்தனர். தற்செயலைப் பௌதிகத்துள் புகுத்தியவர்களில் நம்மவரும் உண்டு. திருவானைக்காவில் பிறந்த இராமனின் தமையன் மகனாகிய சந்திரசேகர், குறிக்கோளின்றி அடிவைக்கும் துகளின் நடையைப் பற்றி 1943-இல் எழுதிய நெடுங்கட்டுரை இன்றும் பயிலப்படுகிறது.

உபாயம் இதுவே. பலகையில் யாதானும் ஒரு கட்டத்தைக் குலுக்கலால் தேர்ந்தெடு. அதன் நிறத்தை மாற்றினால் அயலாரோடு ஒவ்வாமை குறையுமாயின் தயங்காது மாற்று. ஒவ்வாமை கூடுமாயின் உடனே மறுத்துவிடாதே. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு தற்செயல் எண்ணை எடுத்து, வெப்பத்தைப் பொறுத்து முன்னரே கணக்கிட்ட ஓர் அளவினும் அது குறைந்திருந்தால் மாற்று, இல்லையேல் இருந்தபடி விடு. பின் வேறொரு கட்டத்துக்குச் செல். மாறுநிலை வெப்பத்தில், நான்கு அயலாரும் தன்னோடு ஒத்த நிறத்தினராக இருக்கும் கட்டம் தனித்து மாறுவதற்கு நூற்றில் மூன்றே வாய்ப்பு. மூவர் ஒத்து ஒருவர் ஒவ்வாதிருப்பின் நூற்றில் பதினேழு. வெப்பம் ஏற ஏற இவ்வாய்ப்புகள் பெருகும். குறையக் குறைய அருகும். கோடிக்கணக்கான முறை இதனையே செய்தால், பலகை தானாகவே அவ்வெப்பத்திற்குரிய கோலங்களினூடே உலவத் தொடங்கும். இடையிடையே காந்த அளவைக் குறித்துக்கொண்டு சராசரி கண்டால் போதும்.

காந்த மாதிரியின்மேல் இம்முறையை ஆண்டு 1960-இல் வெளிவந்த தொடக்ககாலக் கட்டுரைகளுள் ஒன்று, ஐஸிங் குடியிருந்த அதே இல்லினாய் மாநிலத்துச் சர்வகலாசாலையினர் பங்குகொண்டு எழுதியது. கணிப்பொறிகள் மலிந்தபின் இம்முயற்சிகள் பல்லாயிரமாகப் பெருகின. முப்பரிமாண மாதிரியின் மாறுநிலை 4.51 என்பது இவ்வகையில் நுட்பமாக நிறுவப்பட்டது. நம் நாட்டிலும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய கே. பி. என். மூர்த்தி இத்துறை மாணாக்கருக்கென்றே ஒரு பாடநூலை 2004-இல் வெளியிட்டார்.

இம்முறைக்கும் இடர் உண்டு. மாறுநிலையை நெருங்குங்கால் தீவுகள் பெரியனவாகிவிடுகின்றன. கட்டம் கட்டமாக மாற்றி ஒரு பெருந் தீவை அழிக்க நெடுங்காலம் செல்லும். துவாக்குடியிலும் அவ்விடத்தில் திரை தயங்கித் தயங்கியே நகர்ந்தது. 1987-இல் ஸ்வெண்ட்ஸன், வாங் என்னும் இருவர், தீவு முழுவதையும் ஒருங்கே புரட்டும் தந்திரம் ஒன்றைக் கண்டு இதனைப் பெரிதும் தணித்தனர். பலகை சிறிதாக இருப்பதும் ஓர் இடரே. இயற்கையில் கூர்மையாக நிகழும் மாற்றம் சிறு பலகையில் மழுங்கித் தோன்றும். ஆகவே பல அளவுப் பலகைகளை ஒப்பிட்டே உண்மையை ஊகிக்க வேண்டும்.

இவ்வளவும் நிகழ்ந்துகொண்டிருக்க, ஐஸிங் பியோரியாவில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1971-இல் அப்பல்கலைக்கழகத்தார் அவரை அவ்வாண்டின் சிறந்த ஆசிரியராகத் தேர்ந்தனர். 1976-இல் ஓய்வு பெற்றார். 1998 மே மாதம் 11-ஆம் நாள், தொண்ணூற்றெட்டாம் பிறந்தநாள் கழிந்த மறுநாள், தம் இல்லத்திலேயே காலமானார். அவரைக் கொலைக்களத்தினின்றும் காத்த யோஹன்னா அம்மையார் நூறு பிராயமும் கடந்து வாழ்ந்தார்.

அவர் சிறந்த ஆராய்ச்சியாளராகியிருக்கக் கூடியவர் என்றும், கொடுங்கோன்மை அதனைக் கெடுத்தது என்றும் சிலர் இரங்குவர். கொடுங்கோன்மை அவரிடமிருந்து பறித்தது பள்ளியையும் நாட்டையும் என்பது உண்மை. ஆனால் ஆராய்ச்சியை விட்டுக் கற்பித்தலை அவர் தேர்ந்தது ஹிட்லர் வருமுன்னரே, தம் விருப்பத்தாலேயே என்பதை மறத்தலாகாது. காபுத் பள்ளியில் அவரிடம் கணக்குக் கற்ற பிள்ளைகளுக்கு, அவருடைய 1925-ஆம் ஆண்டுக் கட்டுரை சரியோ தவறோ என்பதால் ஆவது ஒன்றுமில்லை. அக்காலத்தில் அவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருந்ததே பெரிது.

துவாக்குடியினின்றும் திரும்பிய பின், அந்த வினாவை எழுப்பிய மாணாக்கரும் அவர் தோழரும் தாமே இந்நிரலை எழுத முற்பட்டனர். பைத்தான் மொழியில் முதல் நிரல் ஒருவாறு அமைந்தது. ஆனால் பிழையின்றி ஓடுகிறதா என்று அறிவது எங்ஙனம்? விடை முன்னரே தெரிந்த கணக்கு ஒன்றைக் கொடுத்துச் சோதிப்பதே வழி. அத்தகைய கணக்குகளுள் மிக எளியது ஐஸிங்கின் சங்கிலி. எவ்வெப்பத்திலும் அது காந்தமாகாது என்று அவர் நிறுவியது இன்றளவும் ஐயத்திற்கு இடமற்ற உண்மை. அதன் ஆற்றலும் எளிய சூத்திரமாக அவர் கையில் கிடைத்தது. நம் மாணாக்கர் ஆயிரம் கட்டச் சங்கிலியை ஓடவிட்டபோது, வெப்பம் 1 என்ற அளவில் கறுப்பும் வெள்ளையும் சரிபாதியாக நின்றன, 0.25-க்குத் தணித்தபோதோ சங்கிலி நெடுநேரம் ஒரே நிறமாய் நின்றுவிட்டது. நிரல் பிழைபட்டது என்று அவர்கள் மனம் சோர்ந்தனர். பிழை நிரலில் இல்லை. அவ்வெப்பத்தில் ஒரு முறிவுக்கும் மறு முறிவுக்கும் இடைப்பட்ட தூரமே மூவாயிரம் கட்டத்தை எட்டுகிறது. அவர்களது சங்கிலிதான் குறுகியது. நீளத்தை லட்சம் கட்டமாக்கி இரவு முழுதும் ஓடவிட்டுச் சென்றனர். காலையில் வந்து பார்த்தபொழுது, சங்கிலி பல இடங்களில் முறிந்து, கூட்டுத் தொகை பூச்சியத்தை ஒட்டியே நின்றது.